புட்டிக்குள் கடல் இல்லை

ஸ்காட்ச் விஸ்கியை ருசி பார்த்து எழுதுகிறவர்களுக்குச் சில காலமாக ஒரு நோய் பிடித்திருக்கிறது. கண்ணாடிக் கிண்ணத்தை மூக்கருகே கொண்டு போனவுடன் அவர்களுக்குக் கடல் தெரிகிறது. உப்புக் காற்று வீசுகிறது, கடற்பாசி மணக்கிறது, அலை நனைத்த கூழாங்கல், தார் பூசிய தாம்புக் கயிறு, அப்போதுதான் உடைத்த சிப்பி, கரையில் மூட்டிய நெருப்பில் வாட்டிய மீன் என்று ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நிற்கின்றன. கடைசியில், இது கரையோரத்து விஸ்கி, தித்திப்பை நாடுகிறவர்களுக்கு அல்ல, உப்பும் உறைப்பும் அறிந்த நாக்குக்கு என்று தீர்ப்பு எழுதி முடிக்கிறார்கள். விற்பவர் சும்மா இருப்பாரா? அந்தத் தீர்ப்பை வாங்கி, அலையும் படகும் வரைந்த அட்டைப் பெட்டியின் மேல் அச்சிட்டு, விலையையும் ஏற்றிவிடுகிறார்.

குடிக்கிறவன் பாடு, விற்கிறவன் பாடு, நமக்கென்ன வந்தது என்று வாசகர் கேட்கலாம். குடி நல்லதா கெட்டதா என்பது இந்தக் கட்டுரையின் விஷயம் அல்ல. அந்த வழக்கை விசாரிக்க வேறு பல நியாயஸ்தலங்கள் இருக்கின்றன. என் தொழில் சொற்களோடு. ஒரு பண்டத்தில் இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அதை நாக்கே நம்பும்படி செய்துவிட முடிகிறது என்றால், அது சாராய விவகாரம் மட்டும் அல்ல, பாஷையின் விவகாரம். ஆகவேதான் எழுதுகிறேன்.

முதலில் பண்டம் இன்னதென்று தெரிந்துகொள்வோம். பார்லி தானியத்தை நீரில் ஊறவைத்து முளை கட்ட விடுகிறார்கள். முளைத்ததைச் சூளையில் உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் கரைத்து, அந்த இனிப்பு நீரை ஈஸ்ட் இட்டு நொதிக்க வைக்கிறார்கள். நொதித்ததைச் செப்பு வாலையில் பெரும்பாலும் இரண்டு தரம் காய்ச்சி வடிக்கிறார்கள். வடிந்து வரும் நிறமற்ற சாராயம் ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 வருஷமாவது உறங்க வேண்டும். வேறு தானியம் கலவாமல், ஒரே வடிசாலையில் இறக்கியதானால் அதற்குச் சிங்கிள் மால்ட் என்று பெயர். புட்டியில் அடைக்கும்போது 100க்கு 40 பங்காவது ஆல்கஹால் இருக்க வேண்டும்.

பல வடிசாலைகளின் சரக்கைக் கலந்து ஒரே பெயரில் விற்பதுதான் வெகு காலம் வழக்கமாக இருந்தது. 1963ல் கிளென்ஃபிடிக் வடிசாலைக்காரர்கள் தங்கள் தனிச் சரக்கை வெளிநாடுகளில் முனைந்து விற்கத் தொடங்கினார்கள். 1988ல் ஒரு பெரிய கம்பெனி, பிரதேசத்துக்கு ஒன்றாக ஆறு சிங்கிள் மால்ட்டுகளைப் பொறுக்கி ஒரே வரிசையில் நிறுத்திக் காட்டியது. மலைக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று, தீவுக்கு ஒன்று! அது முதல் சரக்கை விற்பதும் ஊரை விற்பதும் ஒன்றாகிவிட்டன. ஊரில் விற்கத் தகுந்த அழகு எது? மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது. ஆனால் கடலுக்கு ஈடாக எதுவும் இல்லை. ஆகவே கடலைப் புட்டியில் அடைக்கும் கைங்கரியம் ஆரம்பமாயிற்று.

இந்தக் கட்சிக்காரர்களின் தலைநகரம் ஐலா என்னும் தீவு. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டி, அட்லாண்டிக் காற்றுக்கு மார்பைக் காட்டிக்கொண்டு கிடக்கும் தீவு அது. அதன் தெற்குக் கரையில் லஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக் என்று மூன்று வடிசாலைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. 1815, 1816 என்று அவற்றுக்கு வயது சொல்கிறார்கள். கிடங்குச் சுவரில் அலை வந்து மோதும் என்பது உண்மை. இதை வைத்துக்கொண்டு ஒரு சித்தாந்தம் கட்டியிருக்கிறார்கள்: கடற்காற்று கிடங்குக்குள் புகுகிறது, பீப்பாய் மரத்தின் வழியே நுழைகிறது, பத்து, பதினைந்து வருஷம் சாராயத்தோடு பேசிப் பழகுகிறது, ஆகையால் விஸ்கி உப்புக் கரிக்கிறது.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சமையலறையில் நின்று பார்த்த எந்தப் பெண்பிள்ளையும் இதை நம்ப மாட்டாள். உப்புப் போட்ட நீர் மெல்லக் கொதிக்கும்போது, மூடியின் உட்புறத்தில் ஆவி துளித்துளியாகத் திரளுகிறது அல்லவா? அந்தத் துளியை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பு இருக்காது. உப்பு பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிடும். ஏறி வருவது நீராவி மட்டுமே. வாலையும் அப்படித்தான். தண்ணீரில் உப்பு இருந்தாலும், பார்லியில் உப்பு இருந்தாலும், வாலையைத் தாண்டி வராது.

அப்புறம் பீப்பாய். ஓக் பலகை ஏறத்தாழ ஓர் அங்குல கனம் இருக்கும். அதன் வழியாக வருஷத்துக்கு 100க்கு 2 பங்கு போலச் சாராயமும் நீரும் ஆவியாகி வெளியேறுகின்றன. இதைத் தேவதைகளின் பங்கு என்று அந்த நாட்டார் வேடிக்கையாகச் சொல்வார்கள். பதிலுக்குக் கொஞ்சம் காற்று உள்ளே போகிறது. ஆனால் உப்பு ஆவியாகிப் பரவும் பொருள் அல்ல. சுவரில் படியும், ஜன்னல் கம்பியில் படிந்து துருவை உண்டாக்கும். ஓர் அங்குல மரத்தைத் துளைத்துக்கொண்டு நாக்கு உணரும் அளவில் உள்ளே போய் உட்காராது. விஸ்கியில் சோடியம் அடியோடு இல்லை என்று சொல்லவில்லை. புட்டியில் அடைக்கும் முன் சேர்க்கும் தண்ணீரிலிருந்து அணு அளவு இருக்கும். அந்த அளவு எல்லாத் தண்ணீரிலும் உண்டு. அதைக் குடித்துவிட்டு யாரும் அலையோசை கேட்பதில்லை.

இன்னொரு செய்தி. ஐலாவின் பெரிய வடிசாலைகளில் ஒன்று குல் ஈலா. 1846ல் ஏற்பட்டது. ஜலசந்தியின் விளிம்பிலேயே நிற்கிறது. அதன் ஜன்னல் வழியே ஜூரா தீவின் மலைகள் தெரியும். அந்த வடிசாலையின் சரக்கில் மிகப் பெரும் பகுதி, வாலையிலிருந்து இறங்கியதும் டாங்கர் லாரியில் ஏறி, கப்பல் வழியாகப் பிரதான நிலத்துக்குப் போய், அங்கேயுள்ள கிடங்குகளில் முதிர்கிறது. வருஷக்கணக்காக அதைத் தழுவிய கடற்காற்று எது? லாரியோடு கப்பலில் போன சில மணி நேரத்துக் காற்றா? இப்படி முதிர்ந்த புட்டிக்கும் ருசிக்குறிப்புக்காரர் உப்புக் காற்று என்றுதான் எழுதுகிறார். எழுதினவர் கிடங்கைப் பார்த்து எழுதவில்லை. பெட்டியின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

பீப்பாயின் பூர்வோத்தரத்தையும் விசாரித்துவிடலாம். ஸ்காட்லாந்தில் பயன்படும் பீப்பாய்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் போர்பன் விஸ்கியை ஒரு முறை வைத்திருந்து கழித்தவை. போர்பனுக்குப் புதிய, உள்ளே கருக்கிய ஓக் பீப்பாய்தான் வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். ஆகவே ஒரு முறை உபயோகித்ததைத் தள்ளிவிடுகிறார்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். வனிலாவைப் போன்ற மணமும், நாக்கின் ஓரத்தைப் பிடிக்கிற துவர்ப்பும் அந்த மரம் கொடுப்பவை. போர்பனின் தாய்நாடு கென்டக்கி. கென்டக்கிக்குக் கடற்கரையே கிடையாது. கரையோரத்து விஸ்கியின் கிண்ணத்தில் அட்லாண்டிக்கைவிடக் கென்டக்கி எவ்வளவோ அதிகம். ஆனால் பெட்டியின் மேல் கென்டக்கியின் படத்தை யார் போடுவார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் வருஷத்து ஸ்காட்ச் விஸ்கி விதிகளில் பாதுகாக்கப்பட்ட பிரதேசப் பெயர்கள் ஐந்து: ஹைலண்டு, லோலண்டு, ஸ்பேசைடு, காம்பல்டவுன், ஐலா. கரையோரம் என்று ஆறாவது ஒன்று அதில் இல்லை. அது சட்டத்தின் பெயரும் அல்ல, பூகோளத்தின் பெயரும் அல்ல; விற்பனைக்காரரின் பெயர்.

அப்படியானால் அந்த ருசி எங்கிருந்து வருகிறது? நாக்கு பொய் சொல்கிறதா? இல்லை. கிண்ணத்தில் ஏதோ ஒன்று உறைப்பாக, புகையாக, ஆஸ்பத்திரி நெடியாக இருக்கத்தான் இருக்கிறது. அது கடலிலிருந்து வரவில்லை, சேற்றிலிருந்து வருகிறது. பீட் என்று சொல்லும் சதுப்புக் கரிதான் அது. மழை ஓயாத அந்தப் பூமியில், பாசியும் புல்லும் செடியும் மக்க வழியின்றி நீரில் ஊறி, அடுக்கடுக்காகப் படிந்து கரியாகத் தொடங்கியிருக்கும் பொருள். மரம் குறைந்த அந்தத் தீவில் ஜனங்கள் அதை வெட்டி, வெயிலும் காற்றும் பட அடுக்கிக் காயவைத்து அடுப்பெரித்தார்கள். பார்லி முளையை உலர்த்தவும் அதையே எரித்தார்கள். ஈரமான முளையில் அந்தப் புகை ஏறிப் பற்றிக்கொண்டது. பீனால், கிரெசால், குவாயகால் என்று அந்தப் புகையின் அம்சங்களுக்கு ரசாயனப் பெயர்கள் உண்டு. உப்பைப் போல் இவை அடியில் தங்குவதில்லை. ஆவியோடு ஆவியாக வாலையைத் தாண்டிவிடுகின்றன. தென்கரை வடிசாலைகளுக்குப் போகும் மால்ட்டில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 35 முதல் 55 பங்கு வரை பீனால் வகை இருக்கும்படி புகையிடுகிறார்கள். உப்புக்குத்தான் அளவு சொல்ல ஆள் இல்லை. புகைக்குக் கணக்கே இருக்கிறது!

குறிப்பெழுதுகிறவர்கள் அயோடின், கடற்பாசி என்று மயங்குகிற நெடியும் பெரும்பாலும் இதுதான். பீனாலுக்குப் பழைய பெயர் கார்பாலிக் அமிலம். 1865ல் கிளாஸ்கோ நகரத்து ஆஸ்பத்திரியில் ஜோசப் லிஸ்டர் என்னும் சர்ஜன், புண் அழுகாமலிருக்க அதை நனைத்துக் கட்டினார். உலகத்து ஆஸ்பத்திரிகளின் வாசனையே அதற்குப் பிறகு மாறியது. கார்பாலிக் சோப்புத் தேய்த்துக் குளித்த தலைமுறைக்கு அந்த நெடியை விளக்க வேண்டியதில்லை. இதைச் சொல்லக் கடலுக்குப் போவானேன்?

ஆனாலும் உப்பு எனக்குத் தட்டுப்படுகிறதே என்று ஒரு ரஸிகர் சத்தியம் செய்யக்கூடும். அவரை நான் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். உப்பிட்டுப் புகையிட்ட மீனையும் மாமிசத்தையும் தலைமுறை தலைமுறையாகத் தின்ற தேசங்களில், புகை மணத்தோடு உப்பும் சேர்ந்தே நினைவில் பதிந்திருக்கிறது. உப்புப் பண்டத்தின் மணம் மூக்கில் பட்டால், நாக்கில் உப்பு கூடியது போலத் தோன்றும் என்பது ஆராய்ச்சியிலும் தெரிந்த செய்தி. நம் பாஷையும் இதை எப்படியோ அறிந்து வைத்திருக்கிறது. உப்புக் கரிக்கிறது என்கிறோம். எரிந்ததையும் கரி என்கிறோம். அந்த ரஸிகர் உணர்வது நிஜம்; அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் பொய். அவர் வேண்டுமானால் கிண்ணத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கட்டும். குவாயகாலின் மூலக்கூறுகள் திரவத்தின் மேல்மட்டத்தில் சேர நீர் துணைபுரிகிறது என்று 2017ல் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் இருவர் கணக்கிட்டுக் காட்டினார்கள். கடல் அல்ல, நல்ல தண்ணீர் சேரச் சேரப் புகை மணம் மேலே வருகிறது.

ஐலாவின் பீட் வேறு, உள்நாட்டுப் பீட் வேறு என்று இன்னொரு வாதம் வரும். வேறுதான். செடிகொடிக்குத் தக்கபடி புகையின் ரசாயனமும் கொஞ்சம் மாறும். மறுக்கவில்லை. அப்படியானால் பெருமை பீட்டுக்கு அல்லவா சேர வேண்டும்? வியாபாரிகளுக்கே இந்த உண்மை நன்றாகத் தெரியும். கலப்பு விஸ்கிக்கு வேண்டிய ஐலா சரக்குக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, 1969 முதல் சில வருஷங்கள், தேசத்தின் மறு ஓரத்தில், வடகிழக்கே உள்ள ப்ரோரா வடிசாலையில் பீட் புகையைக் கூட்டி, ஐலா பாணிச் சரக்கை வடித்துக்கொண்டார்கள். அட்லாண்டிக் காற்றை அங்கே யாரும் வரவழைக்கவில்லை. சூளையில் புகையை ஏற்றினார்கள், காரியம் முடிந்தது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? முதல் நஷ்டம் அந்தச் சதுப்பு நிலத்துக்கு. பீட் வருஷத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டர் ஆழம் வெட்டினால் ஆயிரம் வருஷத்தை வெட்டி எடுத்ததாக அர்த்தம். காற்றில் கலந்திருக்க வேண்டிய கரியமிலத்தைப் பூமிக்குள் அடைத்து வைத்திருக்கும் காவலாளி அது என்றும் இப்போது அறிந்திருக்கிறோம். கடல் எவ்வளவு சொன்னாலும் குறையாத சொத்து. அதன் பெயரால் விற்றால் யாருக்கும் உறுத்தாது. ஆயிரம் வருஷத்துச் சேறு எரிகிறது என்று பெட்டியில் அச்சிட்டால், வாங்குகிறவன் ஒரு நிமிஷம் யோசிப்பான். அந்த ஒரு நிமிஷத்தை அவனிடமிருந்து திருடுவதற்குத்தான் அலையும் படகும்.

இரண்டாவது நஷ்டம், கடலை நம்பி நிஜமாகவே வாழ்ந்த ஜனங்களுக்கு. ஸ்காட்லாந்தின் வடகோடியில் விக் என்று ஒரு துறைமுகம். அதையொட்டி, மீன்பிடி சங்கம் ஒன்று, தாமஸ் டெல்ஃபோர்டு என்ற பொறியியலாளரைக் கொண்டு, ஹெர்ரிங் மீன் தொழிலுக்காகவே ஒரு குடியிருப்பைக் கட்டியது. அங்கே 1826ல் ஏற்பட்ட வடிசாலையின் விஸ்கியைக் கடலின் மால்ட் என்றே இன்று விளம்பரம் செய்கிறார்கள். அந்த ஊரில் உப்பு இருந்தது, சந்தேகமே இல்லை. பீப்பாயில்தான் இருந்தது, ஆனால் அது மீன் பீப்பாய். ஆண்கள் பிடித்து வந்த மீனைப் பெண்கள் கரையில் நின்று கத்தியால் கீறிக் குடலை எடுத்து, உப்பிட்டு, அடுக்கு அடுக்காகப் பீப்பாயில் அடைத்தார்கள். விரல்களில் துணிக்கிழியைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தார்கள். கட்டாவிட்டால் கத்தி பட்ட கீறலில் உப்பு ஏறிவிடும். ஏறினால் எப்படி இருக்கும் என்பதற்கு ருசிக்குறிப்பு தேவையில்லை.

அந்த ஊரார் குடி செய்த நாசத்தைக் கண்டு, தாங்களே வாக்களித்து மதுக்கடைகளை மூடினார்கள். 1922 முதல் 1947 வரை, 25 வருஷம், விக் நகரத்தில் மதுவிலக்கு இருந்தது. வடிசாலையும் 1930ல் மூடி 1951ல்தான் மறுபடி திறந்தது. கரையோர வாழ்வின் சுவை என்று எழுதுகிறவர் இந்த 25 வருஷத்தை எந்த வரியில் எழுதுவார்? அந்தப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் 1891ல் மீன்பிடி படகுத் தலைவர் ஒருவருக்கு மகனாகப் பிறந்த நீல் கன் என்னும் நாவலாசிரியர், கலால் அதிகாரியாக வடிசாலையில் வேலை பார்த்தவர். 1935ல் விஸ்கியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1937ல் உத்தியோகத்தை உதறினார். 1941ல் ஹெர்ரிங் மீனவர்களைப் பற்றி 'தி சில்வர் டார்லிங்ஸ்' என்ற பெரிய நாவலை எழுதினார். கடலை அறிய விரும்புகிறவர் அந்த நாவலைப் படிக்கலாம். புட்டியைத் திறக்க வேண்டியதில்லை.

வடிசாலைகள் ஏன் கரையில் நிற்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ருசிக்காக அல்ல. ரஸ்தா இல்லாத தீவுகளில் பார்லியும் நிலக்கரியும் படகில் வந்தன. நிறைந்த பீப்பாய்கள் படகில் போயின. ஐலாவின் கிடங்குச் சுவர்களில் கொட்டை எழுத்தில் பெயர் எழுதியிருப்பது கடலில் வருகிற படகுக்காரனுக்குத் தெரிவதற்காக. கடல் அங்கே பாதையாக இருந்தது, கூலியாக இருந்தது, ஆபத்தாக இருந்தது. மசாலாவாக இருக்கவில்லை.

மூன்றாவது நஷ்டம் நம்முடையது. நாவல் வாசிக்கிற உங்களுக்கு இந்த வியாதி புதிதாக இருக்காது. கிராமத்தில் நடக்கிற கதை ஒன்று வெளிவந்தால் நம் விமர்சகர் முதல் வரியில் என்ன எழுதுகிறார்? மண்வாசனை கமழ்கிறது! எந்த மண், கரிசலா செம்மண்ணா, அதில் என்ன விளைகிறது, யார் பெயரில் பட்டா, யார் கையில் மண்வெட்டி என்பதெல்லாம் கதையில் இருக்கும், விமர்சனத்தில் இருக்காது. வாசனை மட்டும் கமழும். விஸ்கிக்கு உப்புக் காற்று எப்படியோ, நாவலுக்கு மண்வாசனை அப்படி. பண்டத்தைக் கூர்ந்து பாராமல், அது வந்த ஊரின் படத்தைப் பார்த்து எழுதுகிற சோம்பேறித்தனம் இரண்டுக்கும் பொது. சோம்பேறித்தனத்தை நாசூக்கு என்று எண்ணிக்கொள்வதும் பொது.

இதெல்லாம் கவிதைதானே, உவமைதானே, இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். உவமைக்கு நான் விரோதியல்ல. அது இல்லாமல் எனக்குப் பிழைப்பும் இல்லை. ஆனால் தமிழில் போல என்று ஓர் உருபு இருக்கிறது. நாணயமான சொல். கடல் போல என்று சொன்னால், இது கடல் அல்ல, எனக்கு அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான் என்று அந்தச் சொல்லே ஒப்புக்கொள்கிறது. தோற்றத்துக்கு எழுதினவன் பொறுப்பு. போலவை எடுத்துவிட்டு, கடல் இதில் இருக்கிறது, கிடங்குச் சுவர் வழியாக வந்து புகுந்தது என்று சொல்லும்போது, உவமை சாட்சியாகிவிடுகிறது. பொய்ச் சாட்சிக்கு வாங்குகிறவன் பணம் கட்டுகிறான்.

அந்தப் போலவை அவர்கள் திருப்பி வைத்து எழுதட்டும். பீட் புகை என்று எழுதட்டும். கார்பாலிக் நெடி என்று எழுதட்டும். கென்டக்கி மரத்தின் துவர்ப்பு என்றும், எந்த ஊர்க் கிடங்கில் எத்தனை வருஷம் இருந்தது என்றும் எழுதட்டும். அதைப் படித்த பிறகும் வேண்டுமென்று வாங்குகிறவன் வாங்கட்டும். அவனுக்கும் எனக்கும் சண்டை இல்லை.